பச்சைத் தகரத்துக்கு ஒரு நன்றியுரை

தலைமைப் பீடத்தை அலங்கரிக்கும் தோட்டத்துப் பெரியதுரை அவர்களே! நுவரெலியாவிலிருந்து விண்வெளிப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கும் அதிகாரி சிவபாதம் ஐயா அவர்களே! கணக்கப்பிள்ளைமாரே! இந்தத் தேயிலை மலையைத் தினமும் பத்து விரலால் பறித்தும் பச்சை குறையாமல் காக்கும் தாய்மாரே! 'பசுமைத் தோட்டம்' என்ற பலகையைத் திறக்கும் விழாவில் நன்றியுரை ஆற்றத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவன் வீரய்யாவாகிய என்னை அழைத்தீர்கள். அழைத்தவர்கள் இப்போதே வருந்துவது முகத்தில் தெரிகிறது.

சிவபாதம் ஐயா சற்று முன் என்ன சொன்னார்? உலகம் கக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் காடும் கடலும் உறிஞ்சிக்கொள்கின்றன என்றார். கடலை நம்மில் பலர் கண்டதே இல்லை. காணாத கடல் நம் தொழிற்சாலைப் புகையைக் குடிக்கிறது. கூடவே இருக்கும் நிர்வாகத்துக்கோ, நம் பீலிக் குழாயில் குடிக்கத் தண்ணீர் விழுகிறதா என்று கேட்க நேரமில்லை!

காடு எவ்வளவு நிற்கிறது என்று செயற்கைக்கோள் படம் எடுக்கப்போகும் செய்தி மூன்று மாதத்துக்கு முன்பே இங்கே வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? காட்டை வெட்டி விற்ற மேல்மலையில் மரம் நட்டார்களா? இல்லை! ஒரு கன்றாவது நட்டார்களா? இல்லை! நாம் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள்! முப்பது வருடமாக நாம் கேட்டும் வராத ஏணி அன்று வந்தது. நம் லயத்து மீனம்மா ஓடிப்போய்க் கேட்டாள்.

"ஐயா, தகரத்துல ஓட்டை இருக்குங்க. அத அடைச்சிட்டு அடிங்க."

கணக்கப்பிள்ளை சொன்னார்: "ஓட்டை அவ்வளவு ஒசரத்திலருந்து தெரியாது மீனம்மா. பெயின்ட் மட்டும் அடிக்கச் சொல்லியிருக்காங்க."

என்ன பூரணி, கடைசி வரிசையிலிருந்து "சத்தமா பேசுங்க தலைவரே" என்கிறாயா? பேசுகிறேன், கேள்!

படம் எடுக்கும் நாள் வந்தது. "துரைமார் வர்றப்ப மாதிரி ரோட்டோரம் நிக்கணுங்களா?" என்றாள் ராக்காயி. யாருக்கும் விடை தெரியவில்லை. தெரியாதபோது நம் வழக்கம் என்ன? வரிசையில் நிற்பது! சலவைச் சேலையோடு நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். வெட்கத்தோடு சொல்கிறேன், பூமாலை என் கையில்தான் இருந்தது.

இன்று அந்தப் படத்தை ஐயா விரித்தார். "பச்சையா இருக்கிறதெல்லாம் காடுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, தலைவர். உயிருள்ள இலை எங்கட கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் அதைத்தான் பார்க்குது. உது இலை இல்லை, தகரம். மற்றதெல்லாம் தேயிலை. மிஞ்சியிருக்கிற காடு இந்தச் சின்னத் துண்டு மட்டும்தான்."

அது எந்தத் துண்டு? நம் லயத்துக்கு மேலே, நம் பீலிக்கு ஊற்றாக நிற்கும் துண்டு! அந்த மரங்களில்தான் போன வாரம் வெள்ளைக் குறி போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வெட்டப்போகிறார்கள். வேர் போனால் ஊற்று வற்றும். அடைமழை வந்தால் மலையே இறங்கி நம் பிள்ளைகள் தூங்கும் காம்பராவுக்குள் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது, தாய்மாரே. அந்த மண்ணைப் பச்சைத் தகரம் தாங்குமா?

ஆகவே பெரியதுரை அவர்களே, திங்கட்கிழமை காலை நாங்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வரமாட்டோம். அந்தக் காட்டுக்குள் நிற்போம், மரத்துக்கு ஒருவராக! மேலேயிருந்து பார்ப்பவர் பார்க்கட்டும். கீழேயிருந்து வெட்ட வருபவர் எங்களைத் தாண்டி வெட்டட்டும்.

பலகைக்கு நன்றி. பெயின்டுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களை இத்தனை வருடம் வரிசையில் நிற்கப் பழக்கிய நிர்வாகத்துக்கு நெஞ்சார்ந்த நன்றி! வணக்கம்!