நூல் அறுந்தும் நிக்காத தறி

— அதத்தான் கேக்குறேன் கனகு. அஞ்சு மாசத்துக்கு முந்தி மண்டையத் தொறந்து கட்டிய எடுத்தாச்சுன்னு சொன்னாக. எடுத்தது எப்பிடித் தாயி திரும்ப வரும்?

— கையக் கீழ போடுண்ணே. மண்டையில தையல் போட்ட தழும்பப் போட்டுச் சொறியாத. கண்ணுக்குத் தெரிஞ்சதத்தான எடுக்க முடியும்? மூளைக்குள்ள சன்னமா வேர் ஓடியிருக்கும்ல, அது அப்பிடியே கெடக்கும். அதுலருந்து திரும்ப வந்திருச்சு.

— நீ மதுரையில நர்ஸு. ஒனக்கு எல்லாம் லேசாத் தெரியுது. நான் இந்தப் பாலவனத்தத்துல இருந்து அருப்புக்கோட்டைக்கு இருவது வருசமா பஸ்ஸேறிப் போயி விசைத்தறி ஓட்டுனவன். எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.

— அப்பத் தறிய வச்சே சொல்றேன். குறுக்க ஓடுற நூலு அறுந்துட்டா தறி என்ன செய்யும்?

— டக்குன்னு நிக்கும். நூலு இருக்கான்னு தொட்டுப் பாக்குறதுக்குன்னே ஒரு கம்பி உண்டு. நூலு இருந்தா ஓடு, இல்லையா நில்லு. அம்புட்டுத்தான்.

— மூளையில ஒவ்வொரு செல்லு மேலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்குண்ணே. 'வளரு'ன்னு ஒடம்புல இருந்து ஒரு சேதி வந்தா, அத வாங்கி உள்ள சொல்லும். சேதி வரலைன்னா செல்லு சும்மா கெடக்கும். எடுத்த சதைய டெஸ்ட்டுக்கு அனுப்புனோம்ல? ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்குன்னா, கட்டியில அந்தக் கம்பி பழுது. சேதியே வராமப் போனாலும், வளரு வளருன்னு உள்ள சொல்லிக்கிட்டே இருக்கு.

— ஏய், இது நாங்க தறியில செய்யுற வேலையால்ல இருக்கு!

— எது?

— மீட்டருக்குத்தான கூலி? தறி நின்னு நின்னு ஓடுனா என்னத்துக்கு ஆகும்? கழிவு நூல எடுத்து அந்தக் கம்பிய இழுத்துக் கட்டிப்புடுவோம். பெறகு நூலே இல்லேன்னாலும் தறி தடதடன்னு ஓடும். துணி பட்ட பட்டையா பல்லக் காட்டும். மொதலாளி தங்கபாண்டி வந்து கூப்பாடு போடுவாக. எவன்டா கட்டுனதுன்னா, ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டோம்.

— நீயுமா கட்டுவ?

— நாந்தான் மத்தவனுக்கே கட்டிக் குடுப்பேன். சோத்துக்கு வழி வேணும்ல? வானம் பேஞ்சிருந்தா நான் எதுக்குத் தறிக்குப் போறேன்? சரி, அந்தக் கட்ட அவுத்துவிட மருந்து இல்லையா?

— சேதிய அடைக்க மாத்திர இருக்கு. ஒரு வழிய அடைச்சா அது வேற வழியில வாங்கிக்கிருது. போதாததுக்கு, ரத்தம் வேணும்னு அதுவே ஆளனுப்பிப் புதுசு புதுசா ரத்தக்கொழாய இழுத்துக்கிருது.

— கரண்டுக் கம்பியில கொக்கி போடுற மாதிரி.

— அதேதான்.

— களவாணிக் கட்டியால்ல இருக்கு! டாக்டரு என்னதான் சொல்றாக?

— இன்னொரு ஆப்பரேசன் பண்ணலாம்ங்கிறாக. பண்ணா மூணு மாசமோ நாலு மாசமோ கூடக் கெடைக்கலாம். ஆனா இந்தத் தடவ பேச்சுப் போனாலும் போயிரும். வேண்டாம்னா வீட்டுல வச்சு, வலி தெரியாமப் பாத்துக்கணும். சாயந்தரத்துக்குள்ள நான் போன் பண்ணிச் சொல்லணும். மதினியக் கேட்டா, 'அவுக என்ன சொல்றாகளோ அதுதான்'னு ஆட்டப் பத்திக்கிட்டுக் காட்டுக்குப் போயிருச்சு. நானா ஒண்ணச் சொல்லிட்டு, காலம் பூராம் அத நெனச்சுக்கிட்டுக் கெடக்க என்னால முடியாதுண்ணே. நீ சொல்லு.

— எதுக்கு இப்ப அழுவுற? கண்ணத் தொடச்சுக்க. கம்பியில கட்டு அப்பிடியே இருக்கையில, துணிய மட்டும் வெட்டி எறிஞ்சா என்ன ஆகும்? தறி அதே துணியத்தான திரும்ப நெய்யும்?

— ஆமாண்ணே.

— பெறகெதுக்கு இன்னொருக்க மண்டையத் தொறக்கணும்? பேச்சும் போயி, பொண்டாட்டி மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்ல முடியாமக் கெடக்கவா? கத்தி வேண்டாம்னு சொல்லிரு. வீட்டுலயே இருக்கட்டும். வாய்க்குப் பிடிச்சதத் திங்கட்டும். இருக்குற மட்டும் மனுசனா இருக்கட்டும்.

— நேத்துச் சொன்னது இன்னைக்கு ஒனக்கு நெனப்புல நிக்க மாட்டேங்குது, நல்லா யோசிச்சுத்தான சொல்ற? சொல்லிட்டா பெறகு பெட்டு வேற ஆளுக்குப் போயிரும்.

— போகட்டும். நீ போன போடு.

— ஒம் முடிவுன்னே சொல்லிறவா?

— தாராளமாச் சொல்லு. பாவம், யாரு பெத்த பிள்ளையோ. எனக்கே இப்பிடி வந்திருந்தாலும் நான் இதத்தான் தாயி சொல்லியிருப்பேன்.