சுவரில் லோகன் அண்ணன்

சின்ன ஊர் அருங்காட்சியகங்களில் ஒரு வசதி உண்டு, சார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அதே இடத்தில் இருக்கும். பத்துமலைக் கோயிலில் அந்த உத்தரவாதம் கிடையாது. உள்ளே கூட்டமும் இருக்காது. ஒரு மின்விசிறி சுற்றும், யாராவது ஓர் அக்கா சிரப் தண்ணீர் கலக்கிக் கொடுப்பார், பழைய தராசு, ரப்பர் பால் வாளி, பள்ளிக்கூட மேசை என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்கு அப்படிப்பட்ட இடங்கள் ரொம்பப் பிடிக்கும். நடந்ததைக் காரணம் காட்டி அந்த இடத்தை மூடிவிட வேண்டாம் என்று இந்த வாக்குமூலத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் சுகுமாறன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம் எல்லாம் போடுவேன். ஆனால் கடை ஓடுவது இறந்தவர்களால்தான். வீட்டில் யாராவது போய்விட்டால் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். ஏதோ ஒரு விருந்தில் சோறு தின்றுகொண்டிருக்கும் படமாக இருக்கும். நான் சோற்றை எடுத்துவிட்டு, பின்னால் நீல வானம் வைத்து, சந்தன மாலையும் சின்ன சிவப்பு பல்பும் சேர்த்துக் கொடுப்பேன். இந்தத் தொழிலால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் எந்த அளவு பிரேம் சரியாக வரும் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். உங்களுக்கு நெற்றி அகலம், சார். பெரிய அளவுதான் எடுக்கும். தப்பாக நினைக்காதீர்கள்.

இந்தப் பழக்கத்தை நான் லோகன் அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது.

லோகன் அண்ணன் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் காலை நடைக் குழுவுக்கு அவர்தான் எல்லாம். நடப்பது கொஞ்சம்தான், ரொட்டி சானாய் கடையில் உட்காருவதுதான் அதிகம். அவர் வாயைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை தனேஷ் என்ற பையனின் வேனை எடுத்துக்கொண்டு எங்காவது போய்வருவோம். வேனில் பாட்டுப் பாட ஒரு மைக் உண்டு. வேன் புறப்பட்டதும் அது லோகன் அண்ணன் கைக்குப் போகும். வீடு திரும்பும்வரை வேறு யாருக்கும் கிடைக்காது.

"சுகு பக்கத்துல பாத்து உக்காருங்க லா. மூஞ்சிய அளவெடுத்துக்கிட்டே வருவான். அசந்து தூங்கிட்டீங்க, எறங்குறதுக்குள்ள மாலை போட்டுருவான்."

வேனே அதிரும். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு வருடமும் இதே ஜோக், இதே சிரிப்பு. என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். அதில் தர்பூசணியை வைப்பார்கள். ஒரு தடவை நானும் மைக்கை வாங்கி ஒரு ஜோக் சொன்னேன். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த ஜோக். சொல்லி முடித்ததும் தனேஷ் திரும்பி, "அண்ணே, டாய்லெட் போகணுமா, நிறுத்தவா?" என்று கேட்டான். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. நான் சொன்ன ஒன்றுக்கு இந்தக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் லோகன் அண்ணன் கொஞ்ச நாள் காணாமல் போனார். பினாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததாக எல்லாரிடமும் சொன்னார். ஒரு மத்தியானம் தனியாக என் கடைக்கு வந்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பினாங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெஞ்ச அறுத்துருக்காங்க. அமுதாவுக்கும் ஒனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். அமுதா, அதாவது அமுதவள்ளி அக்கா, அவர் மனைவி. "இன்னொண்ணு, சுகு. ஆஸ்பத்திரில கண்ண மூடுனாப் போதும், என் படம் செவுத்துல தொங்குது. மாலை, பொட்டு, வெளக்கு எல்லாத்தோடயும். இப்பவும் வருது. நெஞ்சு அப்பிடியே அடைக்குது லா. நான் போனப்புறம்கூட அமுதா கேட்டா என் படத்துக்கு மாலை போட்டுக் குடுத்துறாத. ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். பொய் சொல்லவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற மனிதர் பயந்த இடத்தை என்னிடம் மட்டும் காட்டுகிறார். சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரு கிளாஸ் பார்லி தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது.

அவரே அடிக்கடி சொல்வார், ஜோக் என்றால் ஆளின் மெல்லிசான இடத்தில் தட்ட வேண்டும் என்று. நான் அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் செய்தேன்.

சுங்கை மெலூர் அருங்காட்சியகம் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து மருந்தகமாக இருந்த பலகை வீடு. நடுக்கூடத்தில் ஊர்ப் பெரியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். லெட்சுமி அக்காதான் பார்த்துக்கொள்கிறார். அரசாங்க அருங்காட்சியகமாக இருந்தால் படத்தைத் துடைப்பதோடு விட்டுவிடுவார்கள். லெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமைதோறும் எல்லாப் படத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டுவார். அந்தப் பழக்கம் எனக்கு முன்பே தெரியும். அந்தப் படங்களில் பாதி என் கடையில் பிரேம் போட்டவை.

பயணத்துக்கு முந்தின வாரம் நான் மட்டும் போனேன். போன வருடப் பயணத்தில் எடுத்த லோகன் அண்ணனின் படம் ஒன்று இருந்தது. கையில் இருந்த மைக்கை எடுத்துவிட்டு, நீல வானம் வைத்து, கடையிலேயே நல்ல பிரேமாகப் பார்த்துப் போட்டு, சந்தன மாலையும் மாட்டியிருந்தேன். "இவர் லோகநாதன் ஐயா, இந்த ஊர்ப் பிள்ளை. வெள்ளம் வந்தப்ப லோரியில ஜனங்கள ஏத்திக் காப்பாத்துனவரு. இப்பதான் தவறிட்டாரு" என்றேன். எந்த வெள்ளம் என்று லெட்சுமி அக்கா கேட்கவில்லை. வெள்ளம் வராத ஊர் எது? "மொகத்துலயே தெரியுதே, தங்கமான மனுஷன்" என்று அழுதுவிட்டார். தலைமையாசிரியருக்கும் கோயில் கட்டியவருக்கும் நடுவில் மாட்டி, தன் கையாலேயே பொட்டு வைத்தார். திரும்பி வரும்போது காரில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. டோல் சாவடியில் கார்டைச் சரியாகத் தட்டத் தெரியாமல் தடுமாறினேன், பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பயணத்தன்று லோகன் அண்ணன் அமர்க்களப்படுத்தினார். நாசி லெமாக் கடையில் கடைக்காரம்மாவையே பாட வைத்தார். மத்தியானம், பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, போகலாமா என்று கேட்டேன்.

"மியூசியமா? சுகுவுக்கு ஏத்த எடம். எல்லாம் முடிஞ்ச கேஸுங்க" என்று மைக்கில் சொன்னார். எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அமுதவள்ளி அக்கா வாசலில் மாம்பழம் விற்பவரைப் பார்த்து நின்றுவிட்டார். நாங்கள் உள்ளே போனோம். லெட்சுமி அக்கா ஒவ்வொரு படமாக விளக்கிக்கொண்டே வந்தார். லோகன் அண்ணன் கடைசியாக, மழை மானியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். புதுப் படத்துக்கு முன்னால் அகல் விளக்கு எரிந்தது. வாழை இலையில் வடை வைத்திருந்தது. நான் மாலை மட்டும்தான் போட்டிருந்தேன், வடை அக்காவின் அன்பு.

"இவர்தான் லோகநாதன் ஐயா. வெள்ளத்துல ஒரு கர்ப்பிணிப் பொண்ணையும் ஒரு பசு மாட்டையும் லோரியில ஏத்திக் காப்பாத்துனாரு." பசு மாட்டை நான் சொல்லவே இல்லை, சார். ஒரு வாரத்தில் அது தானாக ஏறிக்கொண்டது.

குழுவில் முதலில் தனேஷ்தான் படத்தை உற்றுப் பார்த்து வாயைப் பொத்தினான். அப்புறம் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். லோகன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். லெட்சுமி அக்கா திரும்பி அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார். கையிலிருந்த பூஜை மணி கீழே விழுந்தது. "ஐயா, வந்துட்டீங்களா" என்று அவர் காலிலேயே விழுந்துவிட்டார். கூடம் வெடித்துச் சிரித்தது.

லோகன் அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சுவரோடு சரிந்து, தன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார். சிரிப்பு இன்னும் கூடியது. முந்தின வருடம் மொரிப் கடற்கரையில் மயங்கி விழுந்த மாதிரி நடித்து, ஷாமினி பதறிப் போய் நெஞ்சை அமுக்கும்போது கண்ணடித்தவர் அவர். ஷாமினி எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரித் தாதி. இந்தத் தடவையும் அவள்தான் ஓர் அடி முன்னால் வைத்தாள். நான் முந்திக்கொண்டேன். குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிறகு அவர் காதருகே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அவசரப்படாதீங்கண்ணே, மாலை ஏற்கெனவே போட்டாச்சு."

சார், அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தனேஷ் தூணைப் பிடித்துக்கொண்டான். ஷாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் என் பக்கத்தில் தர்பூசணியை வைக்கிறவர் என் முதுகில் தட்டி, "ஒனக்குள்ள இவ்ளோ இருக்கா சுகு" என்றார். எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று கேட்டீர்கள். அதையெல்லாம் நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. மாம்பழப் பையோடு அமுதவள்ளி அக்கா உள்ளே வரும்வரை சிரித்தார்கள். அவர் முதலில் சுவரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெரிதாக அலறினார்.

அதன் பிறகு ஷாமினி மண்டியிட்டு நெஞ்சை அமுக்கினாள். ஆம்புலன்ஸ் வந்தது. அமுதவள்ளி அக்கா அதில் ஏறிக்கொண்டார். நாங்கள் வேனில் பின்னாலேயே போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கு முன்பே தனேஷுக்கு அழைப்பு வந்துவிட்டது. அவன் வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான்.

அப்படியே எவ்வளவு நேரம் இருப்பது? மைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஏதாவது பேச வேண்டும் அல்லவா, நான் எடுத்தேன். அண்ணனுக்கு அழுகை பிடிக்காது என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் ஷாமினி திரும்பினாள்.

"அண்ணே, நீங்கதான மொத ஆளா கையப் புடிச்சீங்க. நாடி இருந்துச்சா?"

இருந்தது, சார். மெல்லிசாக, விட்டு விட்டு. கை சில்லென்று வியர்த்திருந்தது. நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் நகர்ந்து வழி விட்டிருந்தால் ஷாமினி அப்போதே வேலையைத் தொடங்கியிருப்பாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அவர்கள் என்னைப் பார்த்ததே கிடையாது. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் என்று சொன்னால் எல்லாம் கெட்டுவிடும்.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன். ஒரு மூச்சு இடைவெளி விட்டேன். அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது, அண்ணன் அப்படித்தான் செய்வார்.

"இருந்துச்சு. அண்ணன்தான் இல்ல" என்றேன்.

ஸ்பீக்கரில் வேன் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, சார். லோகன் அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.