இருட்டுல வந்த வசனம்

இல்ல மேனேஜர் சார், டிக்கெட் காசைத் திருப்பிக் குடுங்கன்னு நான் வரல. படம் புரியலன்னு சண்டை போடவும் வரல. புரிஞ்சதனாலதான் வந்திருக்கேன். ஒரு சீனை வெட்டிட்டீங்க. ஏன் வெட்டினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்.

உக்காரலாமா? நன்றிங்க. சட்டையில மாவு இருக்கும், நாற்காலியில ஒட்டினா கோவிச்சுக்காதீங்க. பேக்கரி வச்சிருக்கேன். உள்ள ரொட்டி போடுறது நான், வெளிய கல்லாவுல என் வீட்டுக்காரி. விடியறதுக்கு முன்னாடியே அடுப்பைப் பத்த வைக்கணும், அதனால எங்க உக்காந்தாலும் எனக்குக் கண்ணு சொக்கும். ஆனா தூங்க மாட்டேன். கண்ணை மூடிக்குவேன், அவ்வளவுதான். காது முழிச்சிக்கிட்டே இருக்கும். அவதான் நம்ப மாட்டா.

போன வாரம் அவதான் கூட்டிட்டு வந்தா. கொஞ்சம் பேசணும், வெளிய எங்கயாவது போலாம்னா. நான்தான் பேசறதுக்கு எதுக்கு அலையணும், பேசாம சினிமாவுக்குப் போலாமேன்னு இங்க வந்தோம். நல்ல படம் சார். ஒரு லிஃப்ட் ஓட்டுற ஆளு. எந்த மாடியில கதவு திறந்தாலும் அவனுக்கு வேற வேற வாழ்க்கை. ஒண்ணுல பணக்காரன், ஒண்ணுல ஜெயில்ல இருக்கான், இன்னொண்ணுல ஆளையே காணோம், அவன் சட்டை மட்டும் தொங்குது. எல்லா மாடியிலயும் அதே பொண்ணு அவனைப் பார்த்துக்கிட்டு நிக்குறா. கடைசியில லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுது. அவன் தூங்குறானா, முழிச்சிருக்கானான்னு சொல்லாமலே விளக்கைப் போட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க.

அன்னையிலேர்ந்து எங்க கடை வாசல்ல ஒரே பஞ்சாயத்து. பன் வாங்க வர்ற வாத்தியார் மொத்தப் படமும் கனவுங்கறார். மருந்துக்கடைக்காரர் முதல் பாதி நிஜம்ங்கறார், ஆதாரம் கேட்டா ஹீரோவோட செருப்பைச் சொல்றார். எதிர்வீட்டம்மா ஏ.சி. நல்லா இருந்துச்சுன்னாங்க. அவங்க சொன்னதை மட்டும்தான் யாராலயும் மறுக்க முடியல.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாமே கனவு, ஒரே ஒரு சீன் மட்டும் நிஜம்னேன். அதாங்க நீங்க வெட்டினது. இடைவேளைக்கு அப்புறம், திரையில ஒண்ணுமே தெரியாது, ஒரே இருட்டு. அந்தப் பொண்ணோட குரல் மட்டும் வரும். உன்கூட பேசி எத்தனை நாளாச்சுன்னு உனக்கே தெரியாதுங்கறா. நான் வாயைத் திறந்தா உன் கண்ணு மூடிக்குதுங்கறா. என்னால முடியல, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன், போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேங்கறா. கத்தல, அழல. பக்கத்துல உக்காந்து காதுக்குள்ள சொல்ற மாதிரி இருந்துச்சு சார். அவன் பதிலே பேச மாட்டான். மூச்சு சத்தம் மட்டும் வரும், கொஞ்சம் கனமா.

குறட்டையா? சேச்சே. அது துக்கம் சார். நடிப்புன்னா அது நடிப்பு.

என்னது, அந்தப் பொண்ணு படத்துல ஊமையா? அதைத்தான் நானும் சொல்றேன்! படம் பூரா ஊமையா இருக்கறவ ஒரே ஒரு இடத்துல பேசினா, அந்த இடம்தானே நிஜம்? வாத்தியார், அப்படி ஒரு சீனைத் தான் பார்க்கவே இல்லன்னார். கவனமாப் பார்த்திருக்க மாட்டீங்கன்னுட்டேன்.

என் வீட்டுக்காரி கல்லாவுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா. சில்லறை எண்ணிக்கிட்டிருந்த கை நின்னுடுச்சு. அப்ப நீ அதைக் கேட்டியான்னா. ஒரு வரி விடாமக் கேட்டேன்னேன். அவன் ஏன் பதில் சொல்லல, நீ என்ன நினைக்கறேன்னு கேட்டா. நானும் நாலு பேர் முன்னாடி, சும்மா விடுவேனா? அவ போகட்டும்னுதான் அவன் சும்மா இருக்கான், அதுதான் சரி, அங்க வாயைத் திறந்திருந்தா படமே கெட்டிருக்கும்னேன். மருந்துக்கடைக்காரர் கூட தலையை ஆட்டினார். அவ சரின்னா. அவ்வளவுதான். சரின்னுட்டு மிச்ச சில்லறையைக் குடுத்தா.

ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பினா. பெரிய பெட்டி எதுக்குன்னு கேட்டேன். தேவைப்படும்னா. எனக்கு அடுப்புல ரொட்டி இருந்துச்சு.

அப்புறம் ஆளையே காணோம். நான் போன் பண்ணி, நீ எப்ப வர்றேன்னு கேட்டதுக்கு, அந்தப் படத்தை இன்னொரு தடவை பாரு, இந்தத் தடவை முழிச்சிருந்து பாருன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டா. சரின்னு நேத்து மேட்னிக்கு வந்தேன், அந்த சீன் இல்ல. கைதவறி விட்டுப் போயிருக்கும்னு இன்னைக்கும் வந்தேன். இமையைக் கூட கொட்டல சார். இருட்டும் இல்ல, குரலும் இல்ல. லிஃப்ட் பாட்டுக்கு மேல போகுது, கீழ வருது.

எங்கயும் வெட்டலையா? எல்லா ஊர்லயும் இதே படம்தானா?

தெரியும் சார். நேத்தே தெரிஞ்சுபோச்சு. குரல் திரையிலேர்ந்து வரல, இடது பக்கத்துலேர்ந்து வந்துச்சு. அங்க அவதான் உக்காந்திருந்தா. இருந்தாலும் உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நாங்கதான் வெட்டிட்டோம்னு ஒரு தடவை சொல்லிடுங்க. அவகிட்ட வேண்டாம், எங்கிட்ட சொன்னாப் போதும். படத்துல அப்படி ஒரு சீன் இல்லன்னா, அவ கேட்டது என்னைத்தான்னு ஆயிடும். நானும் நாலு பேர் முன்னாடி, போகட்டும்னு பதிலும் சொல்லிட்டேன்.

இப்பவாவது போன் பண்ணி வான்னு கூப்பிடறதா? அதுவும் ஆச்சு சார். நேத்து இங்க வாசல்ல நின்னுக்கிட்டே கூப்பிட்டேன். நீ இல்லாம முடியல, வந்துடுன்னேன். அவ, இது எந்தப் படத்து வசனம்னு கேட்டா.