அப்பிடியே இங்கிலிஷிலை சொல்லும்

வன்னியில் சண்டை முடிந்த மறுகிழமை, ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் போன பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள்.

"டொக்டரிட்டைக் கஞ்சாவையும் சொல்லும்," என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் அவசரமாக யன்னலைப் பார்த்தேன்.

"மெல்லக் கதையுங்கோ. ஆற்றை கஞ்சா?"

"வேலையிடத்துக் கிழவன்ரை. அவனுக்கு டொக்டர் எழுதிக் குடுத்தது. அதிலை செய்த பிஸ்கட்டிலை பாதி சாப்பிட்டால்தான் எனக்குச் சத்தி நிக்குது."

"ஐயோ, டொக்டர் தந்த மனவருத்தக் குளிசையோடை அதுவுமோ?"

"குளிசையாலைதானே சத்தி! போனமுறை டொக்டரிட்டைச் சொல்லச் சொன்னன். நீர் என்ன சொன்னனீர்?"

"கொஞ்சம் பசியில்லை எண்டு."

"அதாலைதான் அந்தாள் மருந்தைக் கூட்டினது. இண்டைக்கு நான் சொல்லுறதை அப்பிடியே இங்கிலிஷிலை சொல்லும். வன்னியிலை நிண்ட என்ரை அண்ணையைப் பற்றிக் கேட்டால், போனமுறை மாதிரி அகதிக் காம்பிலை இருக்கிறார் எண்டும் சொல்லாதையும். உள்ளதைச் சொல்லும்."

டொக்டரின் இடம் வந்துவிட்டதுபோல, அவள் பஸ்ஸை நிற்பாட்ட மணிக்கயிற்றை இழுத்தாள்.

"அண்ணைக்கு என்ன நடந்தது எண்ட உள்ளதை நீங்கள் முதல் ஒருக்கால் எனக்குத் தமிழிலை சொல்லுங்கோ. பிறகு நான் சொல்லுறன்."

பஸ் நின்றது. கதவு திறந்து மூடியது. இரண்டு பேரும் எழும்பவில்லை.