நாற்பது கூடைச் சிப்பி

சிப்பி வளர்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தீனி போட வேண்டாம், கட்டிப்போட வேண்டாம், சத்தமும் கிடையாது. ஓடுகிற தெளிந்த தண்ணீர் இருந்தால் போதும். சேற்றில் விழுந்தால் மட்டும் வாயைத் திறந்துகொண்டு செத்துப்போகும்.

தூத்துக்குடிக் கடலில் அப்போது வருஷக்கணக்காக முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி இல்லை. அதனால் நாற்பத்திரண்டில், கடலடிப் பாறைகளில் ஒட்டிக் கிடந்த சிப்பிக் குஞ்சுகளைத் தேடிப் பொறுக்கி வந்தேன். முயல் தீவுக்கு உள்பக்கம் சவுக்குக் கழிகள் நட்டு, குறுக்கே கயிறு கட்டி, கம்பிக் கூடைகளில் தொங்கவிட்டேன். பிஷரீஸ் ஆபீஸில் அனுமதிச் சீட்டும் வாங்கியிருந்தேன். நாலு வருஷம் வாராவாரம் கூடைகளைத் தூக்கிப் பாசியைச் சுரண்டினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் இல்லை.

யுத்தம் முடிகிறவரை வெள்ளைக்காரர்களின் பாய்ப்படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நாற்பத்தாறில் சனிக்கிழமைப் பந்தயம் மறுபடி தொடங்கியது. என் தங்கை பிலோமியின் புருஷன் செபாஸ்டின் ஒரு துரையின் படகில் வேலைக்குச் சேர்ந்தான். என் கழிகளைச் சுற்றிப் போனால் தூரம். ஒரு சனிக்கிழமை நடுவே புகுந்து, கயிறுகளில் சிக்கி நின்றார்கள். துரை சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கத்தியை எடுத்தது செபாஸ்டின். இனி எல்லாப் பந்தயத்துக்கும் வழி இருக்கட்டும் என்று ஒரு கயிறு விடாமல் அறுத்தான். நாற்பது கூடையும் சேற்றில் இறங்கின. நாலு நாள் துழாவி ஏழு கூடை எடுத்தேன். எல்லாம் வாய் திறந்திருந்தன.

அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏன் மாப்ளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலு வருசமா அடைகாத்தீரே மச்சான், ஒரு முத்தாவது பொரிச்சுதா? கோழி வளத்திருந்தா கொழம்பாவது கண்டிருக்கலாம்."

பிலோமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சும்மா இரும். அண்ணன் மூஞ்சியப் பாரும், வாடிப்போச்சு" என்று எனக்குச் சோறு போட்டாள். நானும் சிரித்தேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

சங்கு குளிக்கிற காலத்தில் செபாஸ்டின் கடலில் இறங்குவான். எங்கள் பக்கம், குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியை எவனும் அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. ஆறு வருஷமாக அவன் கயிறு என் கையில்தான் இருந்தது.

கூடைகள் போன பிறகு வந்த சங்குக் காலத்தில் ஒரு நாள் காலை, கடல் அமைதியாக இருந்தது. பத்து ஆள் ஆழம். அவன் இடுப்பில் கயிற்றின் நுனி, கழுத்தில் சங்கு நிறைந்த வலைப்பை. கயிற்றை அசைத்தால் தூக்கு என்று அர்த்தம். அசைத்தான். நான் தூக்கவில்லை. மறுபடி அசைத்தான். பிறகு கயிற்றைப் பிடித்து ஏற ஆரம்பித்தான். அவன் ஒரு முழம் ஏறினால் நான் ஒரு முழம் விட்டேன். அவசரப்படவில்லை. தோணியில் மற்றவர்கள் அவரவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பையைக் கழற்றிவிட்டு, கயிற்றையும் அவிழ்த்துவிட்டு நீந்தியிருந்தால் பிழைத்திருப்பான். நல்ல நீச்சல்காரன். ஆனால் மேலே இருப்பது பிலோமியின் அண்ணன் அல்லவா? கடைசிவரை கயிற்றையே பிடித்துக்கொண்டிருந்தான். அது அசையாமல் கனத்த பிறகு தூக்கினேன். கூக்குரல் போட்டதும், நெஞ்சை அமுக்கிப் பார்த்ததும் நான்தான்.

துரை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சிப்பியைப் பற்றி என்ன தெரியும்? அந்த வாரமும் பந்தயம் நடந்தது.

இப்போது கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன். இங்கே பேச ஆள் இல்லை. யாரும் என்னை விசாரிக்கவும் இல்லை. அதனால் நானே போலீசுக்கு எழுதுகிறேன், ஐயா.

அடக்கம் முடிந்த அன்று பிலோமி என் கைகளை விரித்துப் பார்த்தாள். ஈரக் கயிறு இரண்டு உள்ளங்கையையும் அறுத்திருந்தது.

"எண்ணே, ஒங் கையப் பாரு... அவரத் தூக்க என்ன பாடு பட்டிருக்க நீ" என்று அழுதாள். அழுதுகொண்டே தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். எரிந்தது. அவள் மனம் ஆறட்டும் என்று கையை இழுத்துக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

என் தங்கைக்கு நான் என்றைக்கும் ஒரு குறையும் வைத்ததில்லை.