ஏரியின் மேல் நட்ட மரங்கள்

காலையில் எழுந்ததும் அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டுவேன். பசுவுக்கு வைக்கோல் போடுவேன். பிறகு கடப்பாரையும் வாளியுமாக ஏரிக்குப் போய், இரவில் உறைந்து மூடிக்கொண்ட தண்ணீர்த் துளையை உடைத்துத் திறப்பேன். அந்தச் சனிக்கிழமையும் அதையே செய்தேன். கொஞ்சம் முன்னதாக எழுந்தேன், அவ்வளவுதான்.

என் வாக்குமூலத்தை நிதானமாக எழுதுங்கள், ஷெரிஃப். பிழைகளைப் பிறகு நானே திருத்தித் தருகிறேன். என் பெயர் எல்வுட் ஹேல், வயது இருபத்தெட்டு. மனைவியை இழந்தவர் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான்.

எங்கள் மரவீடு தென்கரையில். வடகரையில் பின்லாந்துக்காரர்களின் எட்டுப் பண்ணைகள். அவற்றில் ஒன்று என் மனைவி ஔனேயின் அண்ணன் வெய்க்கோவுடையது. நான் கிழக்கே கல்லூரியில் படித்துவிட்டு, அரசு கொடுத்த காட்டைத் திருத்திக் குடியேற வந்தவன். லத்தீன் தெரியும். முதல் வருடம் நான் வெட்டிய மரம் என் கொட்டகை மீதே விழுந்தது. எட்டுப் பண்ணைகளும் ஒரு குளிர்காலம் முழுக்க அதையே பேசித் தீர்த்தன. வேறு எதைப் பேசுவார்கள்? பன்றியையும் உருளைக்கிழங்கையும் எவ்வளவு நாள் பேச முடியும்?

"வாத்தியார் மாப்பிள்ளை, இன்னிக்கு எந்தப் பக்கம் சாய்க்கப் போறீங்க? சொல்லிட்டீங்கன்னா நாங்க பிள்ளைகுட்டியோட எதிர்ப்பக்கம் ஓடிடுவோம்" என்பான் வெய்க்கோ.

ஏரி உறைந்ததும் அதன் மேல்தான் எல்லோருக்கும் பாதை. நடுவே அடியில் ஓர் ஊற்று உண்டு. அதன் மேல் பனிக்கட்டி தடிக்காது. ஊற்றோ ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் ஒருவர் துளையிட்டுப் பார்த்து, கெட்டியான பனியில் வரிசையாக ஊசியிலைக் கன்றுகளை நட்டு வைப்பார். நட்டவரை யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. புயலில் கண் தெரியாவிட்டாலும் மரத்துக்கு மரம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே வேதம் அது.

இந்த வருடம் என்னை நடச் சொன்னார்கள். மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேல் துளை போட்டேன். அவ்வளவு ஒழுங்கான வரிசையை அந்த ஏரி பார்த்திருக்காது.

கிறிஸ்துமஸ் முடிந்து வெய்க்கோ வீட்டு நீராவிக் குளியலுக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "தங்கச்சி மூணு வாரம் கெஞ்சினா, மாப்பிள்ளை. வீடு வீடாப் போய்க் கேட்டா. இல்லேன்னா உங்ககிட்ட யாரு ஏரியக் குடுப்பா?"

சிரித்தார்கள். ஔனேயும் சிரித்தாள். "போதும்ணா, விடு" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் என் காபியைக் குடித்து முடித்தேன். கோபம் என்று நீங்கள் எழுத நினைப்பீர்கள். வேண்டாம். எனக்குக் கிடைத்தது பிச்சை என்று தெரிந்தது. தெரிந்துகொண்டது மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை விடியுமுன் மூன்று கன்றுகளைக் கோடரியால் கொத்தி எடுத்தேன். ஊற்றைச் சுற்றி வளைந்த பாதை இப்போது அதன் மேலேயே நேராகப் போனது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்துதான் நட்டேன். அங்கே பனிக்கட்டி இரண்டு விரல் கனம். அளந்து பார்த்தேன். அடியில் ஊற்றிய தண்ணீர் உறைந்ததும் கன்றுகள் இறுகிக்கொண்டன. மதியம்வரை வேறு யாரும் வருவதில்லை. சனிக்கிழமை முதலில் ஏரியைக் கடப்பவள் ஔனே. அண்ணன் வீட்டுக்கு வெண்ணெயும் ரொட்டியும் கொண்டு போவாள்.

பனி லேசாகப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலருகே நின்றேன். அவள் இழுத்துப் போன சறுக்குவண்டி இரண்டாவது கன்றைத் தாண்டியது. மூன்றாவதைத் தாண்டவில்லை. சத்தம் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கதவு சாத்தியிருந்தது.

பிறகு போய்க் கன்றுகளைப் பழைய இடத்திலேயே நட்டேன். என் தடங்களைப் பனி மூடியது. அவளைக் காணோமென்று வெய்க்கோ தேடி வந்தபோது, பாதையிலிருந்து இருபது அடி தள்ளி அவள் விழுந்த துளை இருந்தது. அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மரத்தை விட்டு விலகிட்டாளே மாப்பிள்ளை. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. மரம் சரியாத்தான் இருக்கு" என்றான். அடக்கத்தின்போதும் எட்டுப் பண்ணைக்காரர்களும் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். அடுத்த வருடமும் நானே நட வேண்டுமாம். சந்தேகப்படக்கூட ஒரு புத்தி வேண்டும். அது அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அதனால்தான் பதினெட்டு மைல் நடந்து உங்களிடம் வந்தேன். வருத்தப்பட்டு வரவில்லை. ஔனே கவனமில்லாமல் விலகிப் போனாள் என்று கல்லறைப் பலகையில் பொறிக்கப் போகிறார்கள். அது தவறு. அவள் ஒரு மரத்தைக்கூட விட்டு விலகவில்லை.

இன்னொரு திருத்தமும் உண்டு. அவள் கடைசியாக "சீக்கிரம் வந்துடறேன்" என்று சொன்னதாக வெய்க்கோவிடம் சொல்லியிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. வாசலில் நின்று ஏரியைப் பார்த்தாள். "என்னங்க, மரம் இடம் மாறியிருக்கே?" என்றாள். ஊற்று நகர்ந்துவிட்டது, விடியலில் துளையிட்டுப் பார்த்தேன் என்றேன். அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நல்லவேளை, நீங்க பாத்தீங்க" என்றாள்.