ஓரத்தில் ஒரு கை

— அந்தப் பெட்டி மேலயே உக்காந்துக்குங்க அண்ணி. ஆனா தண்ணி சிந்தாம பாத்துக்குங்க. மேல மூடியிருக்கிற போர்வை நனைஞ்சா உள்ள இறங்கிடும்.

— யார் வீட்டுச் சாமானோ. காலையில வண்டியில வந்து இறங்கினதுலேர்ந்து அதைத் தாங்கு தாங்குன்னு தாங்குற. பேச்சை மாத்தாத நாத்தனாரே. பணத்தை அனுப்புறியா இல்லையா? அந்தச் சலுகை இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுது.

— இந்தச் சுவரையும் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தேய்ச்சு முடிக்கணும்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போயிருக்கார். எல்லாரோட அவசரமும் நம்ம தலையிலதான் வந்து விழுது.

— மேஸ்திரி, மேஸ்திரி. உங்க வீட்டுக்கு மருமகளா வந்த நாளிலேர்ந்து அவர்கிட்டதான் கூலிக்கு நிக்கிறேன். சொந்தமா பெயிண்ட் அடிக்கிற ஒரு ஸ்ப்ரே மிஷின் இருந்தா நாமளே வேலை பிடிக்கலாம்னு சொன்னது யாரு? நீதானே. அதுக்குத்தானே ரெண்டு பேரும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேத்தோம்.

— மிஷினுக்குச் சேத்ததைத்தானே அண்ணி இப்ப போன்ல வாங்குற அந்தக் கிரிப்டோ காயின்ல போடச் சொல்றீங்க?

— போட்டா மூணு மாசத்துல ரெட்டிப்பு. மிஷினும் வரும், அதை ஏத்திக்கிட்டுப் போக ஒரு வண்டியும் வரும்.

— யார் சொன்னது?

— அந்தக் காயின் கம்பெனி ஆலோசகர் சொன்னார். தினமும் மெசேஜ் அனுப்புறார். ‘காலை வணக்கம் மேடம், சாப்பிட்டீங்களா மேடம்’னு. என்னை இதுக்கு முன்னால யாராவது மேடம்னு கூப்பிட்டிருக்காங்களா? உங்க அண்ணன் ‘ஏய்’னு கூப்பிட்டாலே அன்னிக்கு அவர் நல்ல மனசோட இருக்கார்னு அர்த்தம்.

— அண்ணனை விடுங்க. அந்த ஆலோசகரை நேர்ல பாத்திருக்கீங்களா?

— போட்டோ இருக்கு. கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறார். பின்னால பெரிய கண்ணாடிக் கட்டடம்.

— போன வருஷம் அந்த மாதிரி ஒரு கட்டடத்துக்கு நாமளும்தான் பிரைமர் அடிச்சோம். அதுக்கு முன்னால நின்னு நீங்களும் போட்டோ எடுத்துக்கிட்டீங்க.

— உனக்கு எல்லாமே கேலி. கேளு. முதியோர் வகுப்புல எழுத்துக் கூட்டப் பழகினதுக்கு அப்புறம், கடை போர்டைத் தவிர நான் முழுசா படிச்சது இதை மட்டும்தான். ஒரு வரி விடலை. ‘உங்கள் பணத்துக்கு முழு உத்தரவாதம்’. அந்த உத்தரவாதத்தைக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

— காயின் விலை ஏறும், இறங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏறி இறங்குற சாமானுக்கு ஒருத்தர் எப்படி அண்ணி உத்தரவாதம் கொடுப்பார்?

— விலை இறங்கப் போகுதுன்னா அவங்க கம்ப்யூட்டரே முன்கூட்டித் தெரிஞ்சுக்கிட்டு வித்துடுமாம்.

— அப்படி ஒரு கம்ப்யூட்டர் கையில இருக்கிறவங்களுக்கு, சுவருக்குப் பட்டி பாக்குறவங்க பணம் எதுக்கு?

— அது எனக்குத் தெரியாது. ஆனா நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கலை. ஓரத்துல ஒரு கை அடிச்சுப் பாருங்கன்னு நீதானே சொன்ன?

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— எந்தச் சுவரா இருந்தாலும் ஓரத்துல ஒரு கை அடிச்சு, காஞ்சதைப் பாத்துட்டுத்தானே முழுசா அடிப்போம். அதே மாதிரிதான் முதல்ல கொஞ்சமா போட்டேன். லாபத்தோட திருப்பிக் கேட்டேன். மறுநாளே வந்துச்சு. அதுல வாங்கின ஐஸ்கிரீமை நீயும்தானே சாப்பிட்ட? அதுக்கப்புறம்தானே மாடி வீட்டுக் கூலி மொத்தத்தையும் உள்ள போட்டேன். இப்ப அது மூணு பங்கா காட்டுது.

— சாப்பிட்டேன். அந்தப் பணம் திரும்பி வந்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துடுச்சு. அப்புறம்தான் பள்ளிக்கூடத்துச் சுவர் ஞாபகம் வந்துச்சு.

— எது, அந்த ஓதம் பிடிச்ச சுவரா? அதை எப்படி மறப்பேன். ஓரத்துல அடிச்சுப் பாத்தப்போ கல்யாணப் பொண்ணு முகம் மாதிரி இருந்துச்சு. முழுசா அடிச்சு முடிச்சோம், ஒரு மழை பெஞ்சுது, தோல் தோலா உரிஞ்சு தொங்குச்சு. மேஸ்திரி நம்ம கூலியில பிடிச்சுக்கிட்டார்.

— அன்னிக்கு எந்த இடத்துல அடிச்சுப் பாத்தோம்?

— மேஸ்திரி காட்டின இடத்துல. ஜன்னல் பக்கத்துல. நாள் பூரா வெயில் விழுகிற இடம்.

— ம்.

— என்ன ம்? ஆலோசகர் காட்டின இடத்துலயே நானும் அடிச்சுப் பாத்தேன்னு சொல்றியா?

— நான் ஒண்ணும் சொல்லலை. போனை எடுங்க. உள்ள இருக்கிறது மொத்தத்தையும் கேளுங்க. நடுச் சுவர்ல ஒரு கை அடிச்சுப் பாத்துடுவோம்.

— எடுத்தா லாபம் நின்னுடுமே. சரி, உன் வாயை அடைக்கவாவது கேக்குறேன். இந்தா, அனுப்பிட்டேன்.

— உக்காந்தபடியே கீழ் ஓரத்தைத் தேய்ங்க. பதில் வரட்டும்.

— வந்துடுச்சு. பாத்தியா, எவ்வளவு மரியாதை. ‘வணக்கம் மேடம். உங்கள் தொகை தயார்.’

— தயாரா?

— அப்படித்தான் போட்டிருக்கு. இரு, இன்னும் இருக்கு. ‘தொகையை விடு... விடுவிக்க... ஐந்தில் ஒரு பங்கை... வரியாக முதலில் செலுத்தவும். மாலைக்குள் செலுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.’

— உள்ள இருக்கிறதுலேர்ந்தே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்க.

— அதையேதான் எழுதுறேன். ம்... ‘அதற்கு விதியில் இடமில்லை மேடம்.’

— அண்ணி.

— இரு. இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் பாக்குறேன்.

— தண்ணியாவது குடிங்க.

— கூலியைக் கொடுக்க கூலிக்காரிகிட்டயே முன்பணம் கேக்குற மேஸ்திரியை எங்கயாவது பாத்திருக்கியா? நம்ம மேஸ்திரி எவ்வளவோ பிடுங்கியிருக்கார். அவருக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

— வழி சொல்லிக் கொடுத்தது நான்தானே அண்ணி. உங்களை மட்டும் நொந்துக்காதீங்க.

— ஐயோ, தையல்காரம்மா. அவங்களையும் சேரச் சொன்னேனே. இன்னிக்குக் கட்டுறேன்னாங்க. இரு... ஹலோ, அக்கா? பணம் கட்டிட்டீங்களா? கட்டாதீங்க. ஆமா, நல்லதுன்னு சொன்னதும் நான்தான். அதே வாயால இப்ப வேண்டாம்னு சொல்றேன். சாயங்காலம் வர்றேன், திட்டுறதை எல்லாம் அப்ப சேத்து வெச்சுத் திட்டுங்க. அப்பாடா. கட்டலையாம்.

— ஒரு வீடு தப்பிச்சுது.

— என் மாடி வீட்டுக் கூலி போச்சே. கழுத்து ஒடிய ஏணி உச்சியில நின்னு வாங்கின கூலி.

— மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. புகார் கொடுப்போம். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் கொடுத்துடுவோம்.

— நானே எழுதுறேன். எழுத்துக் கூட்டிப் படிச்சு ஏமாந்தவ, எழுத்துக் கூட்டி எழுதியும் கொடுக்குறேன். உத்தரவாதம்ங்கிறது இப்ப தடுக்காம வருது.

— சிரிக்கிறீங்களே அண்ணி.

— அழுதா பட்டித் தூள் கன்னத்துல அப்பிக்குது. போகட்டும். மிஷின் பணமாவது மிஞ்சியிருக்கு, உன் பிடிவாதத்தால. அது உன் கணக்குலயே கிடக்கட்டும்.

— அது கணக்குல இல்லை அண்ணி.

— என்ன சொல்ற?

— நேத்து நீங்க பேசிட்டுப் போனதும் நானும் என் போன்ல அந்தக் காயின் ‘ஆப்’பைத் திறந்தேன். மொத்தத் தொகையையும் போட்டு, அனுப்புற பொத்தான் மேல விரலைக் கொண்டுபோனேன்.

— நீயுமா? என்னை இவ்வளவு கேள்வி கேட்டியே.

— ரெட்டிப்புன்னா எனக்கு மட்டும் கசக்குமா? எப்படியோ விரலை எடுத்துட்டேன். ஆனா இன்னொரு ராத்திரி அந்தப் பணம் கணக்குல இருந்தா அனுப்பிடுவேன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால காலையில கடை திறந்ததும் முதல் ஆளா போய் நின்னு மொத்தத்தையும் கொடுத்துட்டேன். பாதி உங்களோடது. கேக்காம செஞ்சது தப்புதான்.

— எந்தக் கடை? எதுக்குக் கொடுத்த? சொல்லித் தொலையேன்.

— முதல்ல எழுந்திருங்க அண்ணி. இவ்வளவு நேரமா நீங்க நம்ம மிஷின் மேலதான் உக்காந்திருக்கீங்க.